அந்த விவசாயி அடம்பிடிக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். வட இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கமிருந்து கிழக்கே ஹல் பக்கம் போகும் எம் 62 மோட்டார்வே, அதாவது அதிவேக நெடுஞ்சாலை, பற்றித் தமிழில் இரண்டு பக்கம் வரும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. எனக்கு ஊர் ஹடர்ஸ்ஃபீல்ட், வேலை ரோச்டேலில். 18 வருடங்களாக, வாரத்தில் ஐந்து நாள், இந்தச் சாலையில்தான் பென்னைன் மலையை ஏறி இறங்குகிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் குறை சொல்கிறேன். கட்டுரையாளர் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் சின்ன விஷயம். ‘லிவர்பூல் நகர மையத்தில் தொடங்கி ஹல் துறைமுகத்தில் முடியும் சாலை’ என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை. எம் 62 தொடங்குவது லிவர்பூலின் கிழக்கு ஓரத்தில், குவீன்ஸ் டிரைவில். அங்கே இருக்கும் முதல் சந்திப்பின் எண் 4. ஒன்று, இரண்டு, மூன்று எங்கே என்று தேட வேண்டாம், கட்டவே இல்லை. நகருக்குள் வரை கொண்டுபோகப் போட்ட திட்டம் கைவிடப்பட்டது, எண்கள் மட்டும் திட்டத்தில் இருந்தபடியே நின்றுவிட்டன. கிழக்கு முனையிலும் இதே கதைதான். நார்த் கேவ் என்ற ஊருக்கருகே, 38ஆம் சந்திப்போடு மோட்டார்வே முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஹம்பர் பாலத்துக்கு அடியில் புகுந்து ஹல்லுக்குப் போவது ஏ 63 என்ற வேறு சாலை. நடுவில் இன்னொரு வேடிக்கை. மான்செஸ்டரைச் சுற்றி வளையமாக எம் 60 என்ற மோட்டார்வே உருவானபோது, எம் 62இன் 12 முதல் 18ஆம் சந்திப்பு வரையிலான பகுதி அதற்குள் போய்விட்டது. மேற்கேயிருந்து வருகிறவர் எம் 62இல் வந்து, எம் 60இல் ஓட்டி, மறுபடி எம் 62இல் ஏறுகிறார். தார் என்னவோ ஒரே தார்தான்!

இதெல்லாம் போகட்டும். நான் பேனாவை எடுத்ததே அந்தப் பண்ணை வீட்டுக்காகத்தான். நீங்கள் முழுப் பக்கப் படமாகப் போட்டிருந்தீர்கள். 22ஆம், 23ஆம் சந்திப்புகளுக்கு நடுவில், கிழக்கே போகும் சாலை ஒரு பக்கமும் மேற்கே போகும் சாலை மறுபக்கமுமாகப் பிரிந்து விலக, இடையில் சுவர் கட்டிய புல்வெளியும் ஆடுகளும் 18ஆம் நூற்றாண்டுக் கல் வீடும் நிற்கும். பெயர் ஸ்டாட் ஹால் பண்ணை. படத்துக்கு அடியில், ‘விற்க மாட்டேன் என்று ஒரு விவசாயி அடம்பிடித்ததால் அரசாங்கம் சாலையையே வளைத்தது’ என்று போட்டு, ஜனநாயகத்தின் அழகு என்று கட்டுரையாளர் ஒரு பத்தி முழுக்க உருகியிருக்கிறார்.

இந்தக் கதையை நானும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேட்டேன். இங்கே எல்லோரும் சொல்வார்கள். கேட்கவும் நன்றாக இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உண்மை அதுவல்ல. அந்த விவசாயி விற்க மறுக்க முடியாது, ஏனென்றால் நிலம் அவருடையதே இல்லை. அந்த மேட்டு நிலம் குடிநீர் வாரியத்தின் சொத்து, அவர் குத்தகைக்காரர். சாலை பிரிந்ததற்குக் காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அங்கே பாறையில் ஒரு பிளவு ஓடுகிறது, சரிவும் கடுமை. அகலமான ஆறு தடச் சாலையை ஒரே மட்டத்தில் ஒட்டிப் போட அந்தச் சரிவு இடம் கொடுக்கவில்லை. அதனால் ஒரு பாதியை மேலேயும் மறு பாதியைக் கீழேயுமாகத் தனித்தனியே கொண்டுபோனார்கள். இடையில் மிஞ்சிய நிலத்தில் வீடு ஏற்கெனவே இருந்தது. இடிக்கத் தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

அடம்பிடித்தால் அரசாங்கம் விட்டுவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் சில மைல் கிழக்கே போய்ப் பார்க்கலாம். ஸ்காமண்டன் அணை வரும். ஓட்டும்போது அணை மேல் போகிறோம் என்றே தெரியாது. ஒரு பக்கம் தண்ணீர் மின்னும், மறு பக்கம் பள்ளத்தாக்கு, அரை நிமிடத்தில் கடந்துவிடும். 73 மீட்டர் உயர அணையின் முதுகில் மோட்டார்வே போவது பிரிட்டனில் அதுதான் முதல் தடவை. 1971 அக்டோபர் 14ஆம் தேதி ராணி எலிசபெத் வந்து திறந்துவைத்தார். பக்கத்தில் டீன்ஹெட் மலையை வெட்டி எடுத்த பாறையைத்தான் அணைக்குள் கொட்டி நிரப்பினார்கள். சாலைக்கு வழியும் ஆச்சு, அணைக்குக் கல்லும் ஆச்சு. அந்தப் பள்ளத்தாக்கில் டீன்ஹெட் என்று ஒரு சிற்றூர் இருந்தது. அங்கிருந்தவர்களின் வீடுகள் கையகப்படுத்தப்பட்டு, இடம் தண்ணீருக்கு விடப்பட்டது. எங்கள் ஹடர்ஸ்ஃபீல்டின் குடிநீருக்காக எடுத்த தண்ணீர் அது. அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் பிடிவாதம் பிடிக்கத் தெரியாமலா போயிருக்கும்?

ஆக, இந்தச் சாலை எங்கே போக வேண்டும் என்பதை ஆட்களை விட நிலம்தான் அதிகம் தீர்மானித்தது. கட்டுரையில் அந்தப் பக்கமே வரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை. 22ஆம் சந்திப்புக்குப் பக்கத்தில் சாலை கடல் மட்டத்துக்கு மேல் 372 மீட்டருக்கு ஏறுகிறது, இங்கிலாந்தின் மோட்டார்வேக்களிலேயே மிக உயரமான இடம். ஊட்டியைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு உயரமா என்று தோன்றும். ஆனால் சிக்கல் உயரத்தில் இல்லை, மேலே கிடக்கிற சதுப்பில் இருக்கிறது. கறுப்பாக, பஞ்சு மாதிரி, செத்த பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஊறிக் கிடக்கிற மண். இங்கே ‘பீட்’ என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போனபோது ஓரிடத்தில் காலை வைத்தேன், முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. இழுத்தேன், கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. கையை விட்டுத் துழாவி எடுத்தேன். அதன் மேல் நாள் முழுக்க லாரி ஓட வேண்டும் என்றால் யோசித்துப் பாருங்கள்.

இதே சதுப்பில் 18ஆம் நூற்றாண்டில் சாலை போட்டவர் ஜான் மெட்காஃப். நேர்ஸ்பரோக்காரர், ஆறு வயதில் அம்மை கண்டு இரண்டு கண்ணும் போனவர். தடியால் தட்டிப் பார்த்தே நிலத்தின் போக்கைக் கண்டுபிடிப்பார். சுமார் 180 மைலுக்குச் சாலை போட்டிருக்கிறார். எங்கள் ஊருக்கு மேலே ஸ்டாண்டெஜ் பக்கம் சதுப்பைக் கடக்க அவர் செய்த வேலை, ஹீத்தர் புதரை வெட்டிக் கட்டுக் கட்டாகக் கட்டி, தெப்பம் மாதிரி பரப்பி, அதன் மேல் கல்லும் சரளையும் போட்டதுதான். அப்புறம் 1830இல் திறந்த லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில் பாதைக்கு, மேற்கே சாட் மாஸ் சதுப்பில் ரயில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீவன்சனும் இதே முறையைத்தான் கையாண்டார். எம் 62 அந்தச் சாட் மாஸையும் கடக்கிறது, மலை மேலிருக்கும் சதுப்பையும் கடக்கிறது. ஆனால் கனரக லாரிகளுக்குத் தெப்பம் தாங்காது. பல மீட்டர் ஆழத்துக்குப் பீட்டைத் தோண்டி எடுத்துவிட்டு, பாறையைக் கொட்டி நிரப்ப வேண்டியிருந்தது. மழையிலும் பனிமூட்டத்திலும் இதைச் செய்தவர்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

நிலம் சும்மா தூக்கிக் கொடுத்த இடமும் ஒன்று உண்டு. வாரிங்டன் அருகே சாலை நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். அது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படை இருந்த பர்ட்டன்வுட் விமானதளத்தின் ஓடுபாதை கிடந்த இடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹார்ட்ஸ்ஹெட் மூர் ஓய்விடத்தில் காபி குடித்ததாகவும் காபி சுமார்தான் என்றும் எழுதியிருக்கிறார். காபி விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1974 பிப்ரவரி 4 அன்று, நள்ளிரவு தாண்டி, ராணுவ வீரர்களையும் குடும்பத்தினரையும் ஏற்றிவந்த பேருந்தில் குண்டு வெடித்து 12 பேர் இறந்தார்கள். இரண்டு சிறு குழந்தைகளும் அதில் அடக்கம். அடுத்த முறை வந்தால் காபிக் கோப்பையை வைத்துவிட்டு அந்தக் கல்லையும் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

பண்ணை வீட்டை முதன்முதலில் பார்த்தபோது என் மகளுக்கு ஆறு வயது. பின் சீட்டிலிருந்து, “அப்பா, அந்த வீட்டுக்குத் தபால்காரர் எப்படிப் போவார்?” என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. விசாரித்த பிறகுதான் சாலைக்கு அடியில் சுரங்கவழி இருப்பது தெரிந்தது. ஆடும் டிராக்டரும் அதன் வழியாகத்தான் போய்வருகின்றன. வருடங்கள் கழித்து ஒரு ஜனவரி மாலை, பனி கொட்டி எல்லாத் தடமும் நின்றுவிட்டது. சரியாக அந்த வீட்டுக்கு நேராக இரண்டேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முன்னால் சிவப்பு விளக்குகள், எதிர்ப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. காற்று வீசும்போதெல்லாம் கார் ஆடியது. வீட்டின் ஒரு சன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் கையில் டார்ச்சோடு ஒருவர் வெளியே வந்தார், பின்னாலேயே நாய். எங்கள் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரோரம் ஒண்டியிருந்த ஆடுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வரும் இதழில் திருத்தம் போடுவதாக இருந்தால், சந்திப்பு எண்களை எல்லாம் விட்டுவிடுங்கள், இடம் வீண். அந்தப் படத்தின் அடிக்குறிப்பை மட்டும் மாற்றினால் போதும்.

அன்புடன்,
உங்கள் வாசகர்,
ஹடர்ஸ்ஃபீல்ட்