பழைய ஜாஸ் இசைத்தட்டு வாங்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நியூ ஜெர்சியில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது பெட்டியோடு அள்ளிக்கொண்டு வந்த தட்டுகளின் படங்களைப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஸ்விங், அதாவது பெரிய குழுக்கள் வாசித்த நடன ஜாஸ்: கிளென் மில்லர், பென்னி குட்மேன். நல்ல வேட்டைதான். ஆனால் அதே மூச்சில், "அடுத்து கிங் ஆலிவரின் அசல் ஜெனட் தட்டு" என்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இப்போதைக்கு வேண்டாம்.

நியூ ஆர்லியன்ஸ் பாணி ஜாஸின் முன்னோடியான ஆலிவர் ஜெனட் நிறுவனத்துக்கு வாசித்த அவை 1923-இல், அமெரிக்காவின் இண்டியானா மாநில ரிச்மண்டில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஸ்டூடியோவில் பதிவானவை. மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக் குழலுக்கு முன்னால் எல்லோரும் நெருக்கியடித்து நின்று வாசிக்க வேண்டும். அந்த அதிர்விலேயே ஊசி மெழுகில் கோடு கீறும். ஆலிவர் குழுவில் இருந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) மற்றவர்களை அமுக்கிவிடுகிறது என்று அவரைத் தள்ளிப் போய் நிற்கச் சொன்னார்களாம். அப்படிப் பிடித்த மெல்லிய ஒலியை, வாங்கியவர்கள் எஃகு ஊசியால் தேய்த்துத் தீர்த்துவிட்டார்கள். காசைக் கொட்டி வாங்கினாலும் இரைச்சல்தான் மிஞ்சும். ஒலியைப் பொறுமையாகச் சுத்தம் செய்து, பிற்கால வினைல் தட்டான எல்பியில் வெளியிட்ட மறுபதிப்பில் ஆலிவர் இன்னும் தெளிவாகக் கேட்பார்.

ஸ்விங் கதையே வேறு. 1925-இலிருந்து மைக் வைத்துப் பதியும் மின்சாரப் பதிவு வந்துவிட்டது. பாஸும் டிரம்ஸும் உருவத்தோடு வந்து நிற்கும். மில்லரின் புளூபேர்ட் லேபிள் தட்டுகள் அன்றைக்கு 35 சென்ட். வீட்டுக்கு வீடு இருந்ததால் இன்றும் மலிவு.

ஆனால் எல்பி ஊசியை அவற்றின் மேல் வைக்காதே. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் இந்தப் பழைய தட்டுகளின் பள்ளம் அகலம். அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள ஊசி தனியாக வேண்டும். சில நேரம் முனை மட்டும் மாற்றினால் போதும், ஊசியைத் தாங்கும் உன் கார்ட்ரிட்ஜைப் பொறுத்தது. பெட்டியில் இருப்பவை வினைலும் அல்ல, அரக்கு. ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் கரைந்துவிடும்.

அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேறியது. இரண்டாம் உலகப் போர் வந்து வரத்து சிக்கலானதும், 1942-இல் அமெரிக்க அரசு ரெக்கார்டுக்கான அரக்கை 70 சதவீதம் வெட்டியது. பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதியது என்றன கடைகள். 1920-களின் நியூ ஆர்லியன்ஸ் பாணித் தட்டுகள் எத்தனை அரைபட்டனவோ! அரைத்த பழையதைக் கலந்து அச்சிட்டதால் போர்க்காலத் தட்டுகளில் சரசரப்பும் அதிகம். ஒரே பாட்டு இரண்டு அச்சில் கிடைத்தால் போருக்கு முந்தியதை எடு.

டிக்ஸிலேண்டை, அதாவது ஆலிவரின் வழிவந்த நியூ ஆர்லியன்ஸ் பாணி ஜாஸை, அரக்கிலேயே கேட்டாக வேண்டும் என்றால் கமோடோர் லேபிளைத் தேடு. நியூயார்க்கில் ரெக்கார்டு கடை வைத்திருந்த மில்ட் கேப்லர் தொடங்கியது. 1938 ஜனவரி 16 இரவு கார்னெகி ஹாலில் குட்மேன் குழுவில் பியானோ வாசித்த ஜெஸ் ஸ்டேசி, மறுநாளே கிட்டார் கலைஞர் எடி காண்டனோடு கமோடோரின் முதல் பதிவில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்விங், டிக்ஸிலேண்ட் என்ற உன் இரண்டு ஆசைக்கும் அவர் ஒருவரே போதும்.

அன்புடன்,
அண்ணன்