பாம்புகள் நடமாடும் பருவத்தில் ஆற்றோரப் பூங்காச் சாலைகளில் வாகனங்களைக் கட்டுப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
லெத்பிரிட்ஜ் மேற்குப் பகுதிக் குடியிருப்பாளர்கள்
(கையொப்பப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது)

பெறுநர்:
மாண்புமிகு மேயர் அவர்கள் மற்றும் நகர்மன்ற உறுப்பினர்கள்,
லெத்பிரிட்ஜ் நகராட்சி, ஆல்பெர்ட்டா, கனடா.

பொருள்: காட்டன்வுட் பூங்கா, பாப்சன் பூங்கா ஆகியவற்றுக்குச் செல்லும் சாலைகளில் கிலுகிலுப்பைப் பாம்புகளை (வாலை ஆட்டி ஒலியெழுப்பும் விஷப் பாம்புகளை)க் காக்கப் பருவகால வாகனக் கட்டுப்பாடு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கண்ட இரு பூங்காக்களுக்கும் செல்லும் சாலைகளை மே முதல் செப்டம்பர் வரை பொழுது சாய்ந்தபின் மோட்டார் வாகனங்களுக்கு மூட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நடப்பவர்களையும் சைக்கிளில் வருபவர்களையும் தடுக்க வேண்டியதில்லை. பாம்புகள் குளிர்காலப் பொந்துகளை விட்டு வெளியேறும் ஏப்ரல் கடைசி, மே மாதங்களிலும், அவை திரும்பும் செப்டம்பர், அக்டோபர் தொடக்க வாரங்களிலும் பகல் நேர வேகத்தை மணிக்கு 20 கிலோமீட்டராகக் குறைக்கவும் வேண்டுகிறோம்.

சென்ற செப்டம்பரில், இம்மனுவை எங்கள் அனைவர் சார்பிலும் எழுதும் நான் ஆற்றோரம் நடக்கப் போனபோது, பூங்காவுக்குச் செல்லும் தார்ச்சாலையில் பெண் பாம்பு ஒன்று நசுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். வயிறு பிளந்திருந்தது. உள்ளே இருந்த குட்டிகள் முழு வளர்ச்சி பெற்றவை; முதுகின் பழுப்புத் திட்டுகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. பாம்பு கிடந்தது சாலையின் விளிம்பில். டயர் தடமோ நடுச்சாலையிலிருந்து விலகி, விளிம்பு வரை வந்து, மறுபடி நடுவுக்குத் திரும்பியிருந்தது. ஓட்டியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

இந்த ஒரு சாவின் கணக்கு பெரிது. நம் பகுதி இப்பாம்பு வாழும் பரப்பின் வடகோடிப் பகுதியில் இருக்கிறது. கோடை குறுகியது என்பதால் வளர்ச்சியும் மெதுவாகத்தான் நடக்கிறது. பெண் பாம்பு ஐந்து வயதைக் கடந்த பிறகே முதன்முறை குட்டி ஈனும். அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். சினையாக இருக்கும் கோடை முழுவதும் ஏறக்குறைய இரை எடுக்காமல் வெயில் காய்ந்தே காலம் தள்ளும். பகலெல்லாம் சூடேறிய தார்ச்சாலை அந்திக்குப் பிறகும் கதகதப்பாக இருப்பதால், பாம்புகள் அதன்மேல் நீட்டிப் படுக்கின்றன. வாகனம் நெருங்கினால் விலகி ஓடுவதற்குப் பதிலாக அசையாமல் கிடப்பது இவற்றின் இயல்பு. புல்லுக்குள் பருந்தின் கண்ணுக்குத் தப்ப உதவும் அந்த இயல்பே சாலையில் உயிரைப் பறிக்கிறது. வளர்ந்த பாம்புகள் ஆண்டுதோறும் அதே பொந்துக்குத் திரும்புகின்றன. குட்டிகள் பெரியவற்றின் வாசனையைப் பற்றிக்கொண்டு வழி கண்டுபிடிக்கின்றன. ஆகவே பொந்துக்கும் இரை தேடும் நிலத்துக்கும் நடுவே ஒரு சாலை இருந்தால், ஒவ்வொரு தலைமுறையும் அதைக் கடந்தே ஆக வேண்டும்.

2015இல் கனடாவின் அழிநிலை உயிரினங்களுக்கான நிபுணர் குழு இப்பாம்பைத் தனிக் கவனத்துக்குரிய இனமாக வகைப்படுத்தியது. ஆல்பெர்ட்டா வனவிலங்குச் சட்டப்படி இதைக் கொல்வதும் குளிர்காலப் பொந்தைச் சிதைப்பதும் குற்றம். வீட்டு வளாகத்தில் பாம்பு புகுந்தால் அதைப் பிடித்துக் கொண்டுபோய் வேறிடத்தில் விடும் ஏற்பாட்டை இந்த நகரம் நடத்தி வந்திருக்கிறது. அதற்காக நன்றி சொல்கிறோம். தோட்டத்தில் பிடித்துக் காப்பாற்றிய பாம்பைச் சாலையில் பறிகொடுப்பதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

இம்மனு கார்களுக்கு எதிரானது அல்ல. கையெழுத்திட்டவர்களில் பழைய கார்களைத் தாமே பழுதுபார்த்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். நீண்ட குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் போர்த்தி வைத்த வண்டியை மே மாதத்தில் வெளியே எடுக்கும் மகிழ்ச்சி எங்களுக்கு நன்றாகத் தெரியும். பாம்பு பொந்தை விட்டு வெளிவருவதும் அதே வாரங்களில்தான். கோடை மாலைகளில் இளைஞர்கள் கூடி எஞ்சின் சத்தத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதும், சேர்ந்து ஊர்வலமாக ஓட்டுவதும் இந்த ஊரின் வாழ்க்கையோடு ஒட்டியவை. அவர்களுக்குப் போக்கிடம் இல்லாதபோது ஆளில்லாத பூங்காச் சாலைதான் கண்ணில் படுகிறது. எனவே வடகிழக்குத் தொழிற்பேட்டையில், வேலை நேரம் முடிந்தபின் காலியாகும் ஓர் இடத்தை வெள்ளி, சனி மாலைகளில் அவர்களுக்கு ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம். விளக்கும் குப்பைத் தொட்டியும் கழிப்பறையும் இருந்தால் போதும். இந்தக் கோரிக்கையை மற்றதற்கு ஒட்டாகக் கருதாமல் சம எடையுடன் பார்க்க வேண்டும். மாற்று இடம் தராமல் சாலையை மட்டும் மூடினால், அந்த வண்டிகள் வேறொரு ஆற்றோரச் சரிவுக்குத்தான் போகும்.

வனவிலங்குகளுக்காகச் சாலையை மூடுவது புதிய வழக்கம் அல்ல. பான்ஃப் தேசியப் பூங்காவில் போ வேலி பார்க்வே என்னும் சாலையின் கிழக்குப் பகுதியில், 2014 முதல் மார்ச் 1 தொடங்கி ஜூன் 25 வரை இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை வாகனப் போக்குவரத்தை நிறுத்தி வருகிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷானி தேசிய வனத்துச் சாலை ஒன்று, பாம்புகள் பாறைக் குன்றுக்கும் சதுப்பு நிலத்துக்கும் இடையே போய்வருவதற்காகவே 1972 முதல் ஆண்டுக்கு இரு முறை மூடப்படுகிறது. நமக்கு அருகிலுள்ள வாட்டர்டன் பூங்காவில் சாலமாண்டர்கள் (பல்லி போன்ற உருவமுள்ள நீர்நில வாழ்விகள்) கடக்க 2008இல் சாலைக்கு அடியில் சுரங்க வழிகள் அமைத்தார்கள். பின்னாளில் இச்சாலைகளைச் செப்பனிடும்போது தாழ்வான தடுப்பு வேலியோடு அத்தகைய வழிகளை இங்கும் அமைக்க முடியுமா என்று பொறியியல் பிரிவினர் ஆராய வேண்டும். இவ்வாண்டே அதற்கான நிதியைக் கேட்கவில்லை.

விஷப் பாம்பைக் காக்கச் சொல்கிறீர்களே, குழந்தைகள் விளையாடும் இடமாயிற்றே என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். எங்கள் குழந்தைகளும் அங்கேதான் விளையாடுகிறார்கள். இப்பாம்பு மனிதனைத் தேடி வருவதில்லை. மிதித்தாலோ சீண்டினாலோ கடிக்கும், பெரும்பாலும் அதற்கு முன் வாலை ஆட்டி எச்சரிக்கும். பாதையை விட்டு விலகாமல் நடப்பதும், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்வதும், கணுக்காலை மூடும் காலணி அணிவதும் போதுமான காவல். மாற்றுத்திறனாளிகளின் வாகனங்களுக்கும் அவசர ஊர்திகளுக்கும் மூடிய நேரத்திலும் வழிவிட வேண்டும் என்பதை இம்மனுவிலேயே சேர்த்திருக்கிறோம்.

மூடும் நேரத்தில் தடுப்புக் கம்பத்தருகே நின்று வருபவர்களிடம் விளக்கிச் சொல்ல எங்களில் பலர் முன்வந்துள்ளனர். ஹெலன் ஷூலர் இயற்கை மையத்தின் வழிகாட்டுதல் கிடைத்தால், சாலையில் இறக்கும் பாம்புகளை இடமும் தேதியும் குறித்துப் பதிவுசெய்து நகராட்சிக்கு அளிக்கவும் தயாராக இருக்கிறோம். முதற்கட்டமாக ஓர் ஆண்டுக்குச் சோதனை முறையில் செயல்படுத்தி, அந்தப் பதிவுகளைப் பார்த்து மேற்கொண்டு முடிவெடுக்கலாம்.

அடுத்த வசந்தத்துக்குள் ஏற்பாடுகள் தொடங்க வேண்டுமானால், குளிர்காலத்துக்குள்ளேயே நகர்மன்றம் இதை விவாதிக்க வேண்டும். எங்களில் இருவர் நேரில் வந்து விளக்க நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லெத்பிரிட்ஜ் மேற்குப் பகுதிக் குடியிருப்பாளர்கள்

இணைப்பு: இம்மனுவின் ஆங்கில வடிவம், கையொப்பப் பட்டியல், பாம்புகள் இறந்து கிடந்த இடங்களைக் குறித்த வரைபடம்.