இங்கே மத்தியானம், அங்கே ராத்திரி மூணு

அன்புள்ள முருகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது.

பன்னிரண்டரைக்கு ரசம் தாளிக்கும்போது பார்த்தால் வாட்ஸ்அப்பில் உன் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று கிடக்கிறது. அங்கே டொரண்டோவில் ராத்திரி மூணு. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏப்ரலில் நடந்ததையும் கேட்கப் போவதில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

கேட்காமல் இருப்பேன், பாடம் நடத்தாமல் இருக்க முடியாது. முப்பது வருஷப் பழக்கம். இன்டர்நெட்தான் ஆளைத் தனியாக்குகிறது என்று அப்பா கத்துகிறார். அது 1998 கணக்கு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் ராபர்ட் கிரவுட் என்ற ஆராய்ச்சியாளர் தன் குழுவோடு 73 வீடுகளுக்குக் கம்ப்யூட்டரும் இணைப்பும் கொடுத்துப் பார்த்ததில், அதிகம் உட்கார்ந்தவர்களுக்குத் தனிமை கொஞ்சம் கூடியிருந்தது. பின்னால் மறுபடி பார்த்து 2002-ல் எழுதியபோது அந்தக் கெடுதல் பெரும்பாலும் கரைந்திருந்தது. ஆனால் புதிதாகச் சேர்த்த ஆட்களிடம் இன்னொன்று தெரிந்தது. கலகலப்பானவர்களுக்கு அது தனிமையைக் குறைத்தது, கூச்சக்காரர்களுக்குக் கூட்டியது. நீ எந்தப் பக்கம் என்று ஆச்சி வீட்டு மாடிப்படிக்கே தெரியும்.

எதிர்க்கணக்கு உன் டொரண்டோவிலேயே இருக்கிறது. 1990-களின் கடைசியில் அங்கே புறநகரில் 109 புது வீடுகள், அதில் 64 வீட்டுக்குத்தான் வேகமான இணைப்பு. கீத் ஹாம்ப்டன், பாரி வெல்மன் என்று இரண்டு சமூகவியல் ஆராய்ச்சியாளர்கள் போய் எண்ணினார்கள். இணைப்பு இருந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தில் சராசரி 25 பேரின் பெயர் தெரிந்தது, இல்லாதவர்களுக்கு 8. வேகத்தால் வந்ததில்லை அது. அந்தக் குடியிருப்புக்கென்றே ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. வீடு கட்டிக் கொடுத்தவர்மேல் புகார் என்றாலும் அதில்தான் கூடினார்கள். காலையில் எழுதியவனைச் சாயங்காலம் வாசலில் பார்க்கலாம். நீ மூணு மணிக்குப் பார்க்கிற யாரையாவது வாசலில் பார்க்க முடியுமா?

உன் கட்டடத்தில் அப்படிக் குழு இருந்தால் சேர். இல்லையென்றால் லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டு. ஒரு மாடி, மிஞ்சினால் இரண்டு மாடி போதும். இருநூறு பேர் சேர்ந்தால் வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று எல்லாரும் இருந்துவிடுவார்கள். முதல் செய்தியாக வணக்கம் போடாதே, வணக்கத்துக்குக் கட்டைவிரல்தான் வரும். ஏணி இருக்குமா, டிரில் இருக்குமா என்று கேள். இரவல் வாங்க ஒரு தடவை கதவைத் தட்ட வேண்டும், திருப்பிக் கொடுக்க இன்னொரு தடவை.

அவசரப்படாதே. கான்சாஸ் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஹால் 2018-ல் கணக்குச் சொன்னார்: தெரிந்த முகம் சாதாரண சிநேகிதம் ஆகவே ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நெருங்கிய சிநேகிதத்துக்கு 200-க்கு மேல். வாரம் இரண்டு மணி என்றால் அந்த 50-க்கே 25 வாரம். ஒரு சனிக்கிழமை லைப்ரரிக்குப் போய்விட்டு ஒருத்தரும் பேசவில்லை என்று திரும்பி வராதே. அதே லைப்ரரி, அதே நேரம், 25 சனிக்கிழமை. போன் சார்ஜரைச் சமையலறையில் வை. வேளைக்குச் சாப்பிடு.

மீனாவுக்கு முழு வாக்கியமாக எழுதுகிறாயாம். சந்தோஷம். எனக்குத்தான் கட்டைவிரல். மொய்ரா பர்க்கும் அதே கிரவுட்டும் ஃபேஸ்புக்கில் ஆராய்ந்து 2016-ல் எழுதினார்கள்: நெருங்கினவர்கள் தனக்கென்று எழுதிய வார்த்தை வந்தால் மனசு தேறுகிறது, லைக் வந்தால் தேறுவதில்லை. அது அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான்.

உன்னைச் சொல்லி என்ன. ஒன்பதாம் வகுப்பில் கம்ப்யூட்டர் வாங்கினது படிப்புக்கு என்று ஊரெல்லாம் சொன்னேன். படிப்புக்கு இல்லை. வடக்குத் தெருப் பையன்களோடு நீ கிரிக்கெட்டுக்குப் போகாமல் இருக்கத்தான். வாசலில் வந்து நின்று கூப்பிடுவார்கள், 'அவன் படிக்கிறான்' என்று நான்தான் சொல்லி அனுப்புவேன். ஒரு மாதம் போலக் கூப்பிட்டார்கள். அப்புறம் வரவில்லை. நீயும் கேட்கவில்லை. பிள்ளை அடங்கிவிட்டான் என்று பெருமையாக இருந்தது எனக்கு.

போன வாரம் பாண்டி வந்திருந்தான், தங்கச்சி கல்யாணப் பத்திரிகை வைக்க. உன் நம்பர் கேட்டான். உன்னிடம் கேட்காமலே கொடுத்துவிட்டேன். அவன் கூப்பிட்டால் எடு.

அம்மா