பூக்கும் இடத்தில்தான் கூடு: டாஸ்மேனிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். டாஸ்மேனியாவின் கிழக்கிலும் தெற்கிலும் எஞ்சியிருக்கும் முதிர்ந்த தைலமரக் காடுகளில் எதை வெட்டலாம், எதை விட்டுவைக்கலாம் என்று தீர்மானிக்கும் நடைமுறையில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறது. அது திருத்தப்படாதவரை, ஸ்விஃப்ட் பேரட் என்னும் விரைகிளியைக் காப்பதற்காக நீங்கள் ஒதுக்கும் பணமும் ஆய்வாளர்களின் உழைப்பும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீராகவே போகும் என்பதைச் சொல்வதற்காக இம்மடலை எழுதுகிறேன். இதன் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வருகிறது. தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், ஹோபார்ட்டில் உங்களுக்கு வாக்களிக்கும் தமிழர்களும், இதே பறவை குளிர்காலத்தில் வந்திறங்கும் விக்டோரியாவிலும் மேற்கு சிட்னியிலும் வாழும் தமிழர்களும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதுதான்.

சுமார் 25 சென்டிமீட்டர் நீளமும் 65 கிராம் அளவு எடையும் கொண்ட இந்தப் பச்சைக் கிளிக்கு அலகைச் சுற்றிச் சிவப்பு, உச்சந்தலையில் நீலம், சிறகின் அடியில் மறுபடியும் சிவப்பு. மற்றக் கிளிகளைப் போல விதையை உடைத்துத் தின்று காலம் கழிக்காமல், தூரிகை போன்ற நுனியுடைய நாக்கால் பூந்தேனை வழித்து உண்டும், இலைகளில் சாறுறிஞ்சும் பூச்சிகள் விட்டுச்செல்லும் இனிப்புப் படிவங்களைத் தின்றும் வாழ்கிறது. உலகில் வலசை போகும் கிளிகளே மிகச் சிலதான். அவற்றுள் ஒன்றான இது, செப்டம்பரில் பாஸ் நீரிணையைக் கடந்து உங்கள் தீவுக்கு வந்து குஞ்சு பொரித்துவிட்டு, இலையுதிர்காலத்தில் மறுபடியும் கடல் கடந்து ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்குப் போகிறது. டாஸ்மேனியாவைத் தவிர வேறெங்கும் இது கூடு வைப்பதில்லை. ஆஸ்திரேலியப் பறவைகளின் நிலையை மதிப்பிட்ட 2020ஆம் ஆண்டுச் செயல்திட்டம், முதிர்ந்த பறவைகள் 750 அளவில் இருக்கலாம் என்று கணித்தது. ஒரு மரபணு ஆய்வோ, 300க்கும் குறைவாகவே இருக்கக்கூடும் என்று எச்சரித்தது. மத்திய அரசின் சட்டப்படி 2016 முதல் இது மிக அருகிய இனம். 2023இல் ஆஸ்திரேலியாவின் 'ஆண்டின் பறவை' வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்ததும் இதே பறவைதான். வாக்கு விழுந்ததே தவிர வெட்டு நிற்கவில்லை.

இந்தப் பறவையின் இனப்பெருக்கம் முழுவதும் இரண்டு மரங்களை நம்பி நடக்கிறது: புளூ கம் தைலமரமும் பிளாக் கம் தைலமரமும். இவற்றில் முதலாவது உங்கள் மாநில மலர்ச்சின்னம். தமிழர்களுக்கும் அது புதிதல்ல. சளி பிடித்தால் எங்கள் வீடுகளில் மார்பில் தேய்க்கும் நீலகிரித் தைலம், 19ஆம் நூற்றாண்டில் ஊட்டிக்குக் கொண்டுவரப்பட்ட இதே மரத்தின் இலையிலிருந்து வடிப்பதுதான். நீலகிரியில் அது சோலைக்காட்டையும் புல்வெளியையும் விழுங்கிய வந்தேறி; பிறந்த மண்ணிலோ ஒரு பறவையினத்தின் உயிர்நாடி. ஒரே மரத்தை அங்கே அகற்று என்றும் இங்கே வெட்டாதே என்றும் கேட்கிற விசித்திரமான நிலையில் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். அதில் முரண்பாடு ஏதும் இல்லை என்றே நினைக்கிறேன்.

அக்டோபர் மாதம் நல்ல பூப்புள்ள ஒரு மரத்தடியில் நின்றவர்களுக்குத் தெரியும். பூவை மூடியிருந்த கரடுமுரடான மூடிகள், பொத்தான் உதிர்ந்ததுபோல் தரையெங்கும் கிடக்கும். வெண்ணிற மகரந்தத் தாள்கள் காற்றில் இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே கிளிகளின் ஓயாத 'கிக் கிக்' ஒலி. மறு ஆண்டு அதே மாதம் அதே மரத்தடிக்குப் போனால் ஒரு மூடிகூடக் கிடைக்காமல் போகலாம். புளூ கம் ஆண்டுதோறும் ஒரே சீராகப் பூப்பதில்லை. ஓர் ஆண்டு தென்கோடிக் காடுகளில் பூத்துக் குலுங்கும், மறு ஆண்டு கிழக்குக் கரையில், இன்னோர் ஆண்டு புரூனி தீவிலோ மரியா தீவிலோ. கிளிகளும் பூவின் பின்னாலேயே போகின்றன. எந்த ஆண்டு எந்தக் காட்டில் பூ மிகுந்திருக்கிறதோ, அதன் அருகில் பொந்துள்ள முதுமரங்கள் இருந்தால் அங்கேயே கூட்டமாகக் கூடு வைக்கின்றன. பூ இருந்து பொந்து இல்லையென்றாலும், பொந்து இருந்து பூ இல்லையென்றாலும் அந்த இடம் அந்த ஆண்டு அவற்றுக்குப் பயன்படாது.

நான் சொல்லும் பிழை இங்கேதான் இருக்கிறது. உங்கள் வன நிர்வாகம் காட்டைக் கூப்பு கூப்பாக, அதாவது வெட்டுவதற்கென எல்லை குறித்த துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வெட்டுத் திட்டம் தயாரிக்கிறது. முக்கிய இனப்பெருக்கப் பகுதிகள் என்று வரைபடங்கள் இருப்பதையும், வெட்டுக்கு முன் வாழிடத்தைப் பார்வையிடும் ஏற்பாடு இருப்பதையும், கண்டறிந்த கூடுகளைச் சுற்றி மரங்களை ஒதுக்குவதையும் நான் மறுக்கவில்லை. இவற்றைச் செய்யும் அலுவலர்கள் பலர் அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் இறுதி முடிவு அந்தக் கூப்பு ஒன்றை மட்டும் வைத்தே எடுக்கப்படுகிறது. கடந்த ஆண்டு பறவை வராத காட்டில் அடுத்த ஆண்டும் வராது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. உள்ள ஆதாரமெல்லாம் அதற்கு நேர்மாறாகத்தான் இருக்கிறது. பூவில்லாத ஆண்டில் காலியாக நிற்கும் ஒரு முதிர்ந்த காடு, வேறெங்கும் பூ பொய்த்த ஆண்டில் இந்த இனம் முழுமைக்கும் கடைசிப் புகலிடமாக இருக்கலாம். அப்படிப்பட்ட காடுகளைக் 'குறைந்த மதிப்புடையவை' என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், ஒவ்வொரு முடிவும் தனித்தனியே நியாயமாகத் தோன்றும். கூட்டிப் பார்த்தால் போக இடமில்லாத ஒரு பறவைதான் மிஞ்சும்.

பொந்து என்றதும் ஏதோ ஒரு துளை என்று எண்ணிவிடக் கூடாது. கிளி தேடுவது, தன் தோள் நுழையும் அளவுக்கு மட்டும் வாய் குறுகி, உள்ளே ஆழமாகி, அடியில் அகன்ற பொந்து. காட்டில் காணும் பொந்துகளில் ஏறத்தாழ 5 சதவீதமே இந்தத் தேவைக்குப் பொருந்துகின்றன என்று டெயான் ஸ்டொயானோவிச்சும் அவரது சக ஆய்வாளர்களும் கண்டறிந்தனர். அத்தகைய பொந்து உருவாக ஒரு தைலமரத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே 'வெட்டிய இடத்தில் மறுபடியும் காடு வளர்க்கிறோம்' என்ற பதில், இன்றைய பறவைக்கு மட்டுமல்ல, நம் கொள்ளுப்பேரர்கள் காலத்துப் பறவைக்கும் உதவாத பதில். காகிதக்கூழுக்காகப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அறுத்து எடுக்கும் தோட்ட மரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உங்களில் சிலர் உடனே சுகர் கிளைடரைச் சுட்டிக்காட்டுவீர்கள் என்று தெரியும். பெருநிலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் டாஸ்மேனியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தச் சிறு விலங்கு மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் பாயும். இரவில் பொந்துக்குள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் மட்டுமல்ல, அடைகாக்கும் தாய்ப்பறவையையும் கொன்று தின்கிறது. கிளி குறுகிய வாயுள்ள பொந்தைத் தேர்ந்தெடுப்பது பெரிய எதிரிகளிடமிருந்து தப்பத்தான். கிளைடருக்கோ அந்த வாய் போதுமானதாக இருக்கிறது. அடைகாப்பது பெண் மட்டுமே என்பதால் சாவதும் பெண்தான். அதனால் ஆண் பறவைகளின் எண்ணிக்கை மிஞ்சி, ஒரு பெண்ணுக்குப் பல ஆண்கள் போட்டியிட்டுக் கூடுகளைக் குலைக்கும் நிலையும் ஏற்பட்டிருப்பதை ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெய்ன்சோன் குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள். கிளைடர் பெரிய ஆபத்துதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 2014இல் அதே ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின் மறுபாதியை ஏன் யாரும் படிப்பதில்லை? சுற்றுவட்டாரத்தில் முதிர்ந்த காடு எவ்வளவு அதிகமாக எஞ்சியிருந்ததோ, அவ்வளவுக்குக் கூடுகள் பிழைத்தன. காடு அருகிய இடங்களில்தான் கிளைடரின் வேட்டை மிகக் கொடூரமாக இருந்தது. எனவே கிளைடரைக் காரணம் காட்டி மரவெட்டை விடுவிப்பவர்கள், தங்களுக்கு எதிரான சாட்சியையே தங்கள் பக்கம் நிறுத்துகிறார்கள். கிளைடர் இல்லாத புரூனி, மரியா தீவுகள் இருக்கின்றனவே என்றும் சொல்லலாம். பூக்காத ஆண்டில் அந்தத் தீவுகளால் பயன் இல்லை.

கூட்டுப்பெட்டி பொருத்துவது, கிளைடரைப் பொறி வைத்துப் பிடிப்பது, இருட்டியதும் தானே மூடிக்கொள்ளும் கதவு வைப்பது போன்ற முயற்சிகள் போற்றத்தக்கவை, தொடர வேண்டியவை. ஆனால் எந்த ஆண்டு எந்த மலையில் பூக்கும் என்று தெரியாத நிலையில் எத்தனை ஆயிரம் பெட்டிகளை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது?

சட்டத்தின் கதைக்கு வருகிறேன். உங்கள் மாநிலத்தின் தென்கிழக்கிலுள்ள விலாங்டா காட்டில் வெட்டு நடத்துவது விரைகிளிக்கும் ஆப்புவால் கழுகுக்கும் ஒரு வண்டினத்துக்கும் கேடு என்று அப்போதைய செனட்டர் பாப் பிரவுன் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் பெடரல் நீதிமன்றத்தின் நீதிபதி மார்ஷல், அந்த வெட்டு, மாநில, மத்திய அரசுகள் செய்துகொண்ட வட்டார வன ஒப்பந்தத்துக்கு இணங்க நடக்கவில்லை, ஆகவே அந்த ஒப்பந்தப்படி நடக்கும் வெட்டுக்கு மத்தியச் சுற்றுச்சூழல் சட்டம் தரும் விலக்கு அதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தார். ஒப்பந்தம் அரிய உயிரினங்களைப் 'பாதுகாக்கும்' என்று சொல்லியிருந்தது. உண்மையில் பாதுகாக்கவில்லை என்று அவர் கண்டார். அன்றைய மாநில, மத்திய அரசுகள் என்ன செய்தன? பாதுகாப்பை மேம்படுத்தவில்லை, 2007 பிப்ரவரியில் ஒப்பந்தத்தின் வாசகத்தை மாற்றின. இருக்கும் ஏற்பாடுகளே பாதுகாப்பு என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வதாக எழுதிக்கொண்டன. அந்த ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் மார்ஷலின் தீர்ப்பும் மாற்றப்பட்டது. காட்டுக்குள் எதுவும் மாறாமல், காகிதத்தில் மட்டும் பறவை பாதுகாப்பாகிவிட்டது. அந்தத் திருத்தத்தில் கையெழுத்திட்டவர்கள் யாரும் இன்று அந்தப் பதவிகளில் இல்லை. அந்த மனப்போக்கு மட்டும் இருக்கிறது.

அதனால்தான் இப்போதைய காலகட்டம் எனக்குக் கவலையளிக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் கன்பராவில், மத்திய நாடாளுமன்றத்தில், நிறைவேறிய சட்டத் திருத்தங்கள், வட்டார வன ஒப்பந்தங்களுக்கு இருந்து வந்த விலக்கை 18 மாத அவகாசத்தில் முடிவுக்குக் கொண்டுவருகின்றன. இது நல்ல செய்தி. ஆனால் கதவு மூடப்படப் போகிறது என்று தெரிந்த பிறகு, மூடுவதற்குள் முடிந்த அளவு அள்ளிக்கொள்ளும் ஆசை எழுவது இயல்பு. அதைத் தடுக்கும் அதிகாரம் கன்பராவைவிட உங்களிடமே அதிகம் இருக்கிறது. நூற்றாண்டு மரத்தை ஓர் அவகாசக் காலத்தில் இழந்தால், எந்தச் சட்டமும் அதைத் திருப்பித் தராது.

வேலையிழப்பைப் பற்றிய உங்கள் கவலையை நான் எளிதாக எண்ணவில்லை. ஹியூவான் பள்ளத்தாக்கிலும் டெர்வென்ட் பள்ளத்தாக்கிலும் தலைமுறையாக மரவேலையில் இருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களை வில்லன்களாகக் காட்டும் பேச்சு எனக்கு உடன்பாடல்ல. ஆனால் இயற்கைக் காட்டிலிருந்து இறங்கும் மரத்தில் பெரும்பகுதி வீட்டுத் தளமாகவோ மேசையாகவோ மாறுவதில்லை, சில்லுகளாக்கப்பட்டுக் கப்பலேறுகிறது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்தான். விக்டோரியா 2024 ஜனவரி 1ஆம் தேதியோடு அரசு நிலங்களில் இயற்கைக் காட்டு வெட்டை நிறுத்திவிட்டது. அங்கே தொழிலாளர்களுக்கான ஏற்பாட்டில் எது சரியாக நடந்தது, எது தவறியது என்று கேட்டறிய ஒரு விமானப் பயணம் போதும்.

பெருநிலத்தின் பங்கையும் குறிப்பிடாவிட்டால் நியாயமாகாது. விக்டோரியாவில் பெண்டிகோவையும் மேரிபரோவையும் சுற்றியுள்ள பாக்ஸ்-அயர்ன்பார்க் என்னும் தைலமரக் காடுகள்தான் இந்தப் பறவையின் குளிர்கால வீடு. 1850களின் தங்க வேட்டையிலிருந்து இன்றுவரை விறகுக்கும் சுரங்கக் கட்டைக்கும் வயலுக்குமாக அவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. அந்த மாநிலங்களுக்கும் எழுத வேண்டியது தனியே இருக்கிறது. ஆனால் குஞ்சு பொரிக்கும் இடம் உங்களிடம் மட்டுமே இருப்பதால், முதல் மடல் உங்களுக்கு.

என் கோரிக்கை இதுதான். விரைகிளியின் இனப்பெருக்க எல்லைக்குள் அரசு நிலத்தில் நிற்கும் முதிர்ந்த புளூ கம், பிளாக் கம் காடுகளையும், அவற்றுக்கு எட்டும் தொலைவிலுள்ள பொந்துமரக் காடுகளையும், எந்த ஆண்டு எங்கே பறவை காணப்பட்டது என்று பார்க்காமல், ஒரே வாழிடமாகக் கருதி வெட்டிலிருந்து முழுமையாக விலக்க வேண்டும். விறகுக்காக இரவில் பொந்துமரங்களைச் சாய்ப்பவர்களைப் பிடிக்க, இப்போதிருப்பதைவிடக் கூடுதலான காவலர்கள் வேண்டும். அரசுக் காடுகளில் மரவெட்டை நடத்தும் மாநில அரசின் சஸ்டெய்னபிள் டிம்பர் டாஸ்மேனியா நிறுவனம் மூன்றாண்டு வெட்டுத் திட்டத்தை ஆண்டுதோறும் புதுப்பித்து வெளியிடுகிறது. அடுத்த திட்டம் அச்சேறும் முன், அதிலுள்ள கூப்புகளில் எவையெவை இந்த வாழிடத்துக்குள் விழுகின்றன என்று அவையில் கேள்வி எழுப்பி, பெயர்ப் பட்டியலோடு பதில் பெறுங்கள். அந்தப் பட்டியல் வெளிவரும்வரை அக்கூப்புகளில் ரம்பம் இயங்காமல் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹோபார்ட்வாழ் தமிழர் ஒருவர்