பாஸ்கருக்கு, பேட்மேன் பற்றியும் காது பற்றியும்

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிவிட்டது. பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. இங்கே எல்லோரும் நலம். வைத்தி இந்த முறையும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. காரணம் என்னவென்று உனக்கே தெரியும். நிலா கிட்டார் கற்றுக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததில் அவ்வளவு சந்தோஷம். அவளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்கு முன்னால் உன்னோடு ஒரு சண்டை பாக்கி.

2022இல் வந்த 'தி பேட்மேன்' படத்தைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாய்: "மூணு மணி நேரம் இருட்டு, நடுவுல ஒரு முனகல் பாட்டு." படம் 176 நிமிடம். இருட்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ பகலில், டியூப்லைட் வெளிச்சத்தில், டிவியைக் கடைக்காரன் வைத்துக்கொடுத்த 'விவிட்' மோடிலேயே பார்த்திருப்பாய் என்று பந்தயம் கட்டுவேன். ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃபிரேசர் டிஜிட்டலில் எடுத்ததை ஃபிலிம் நெகட்டிவில் ஏற்றி, அதைத் திரும்ப ஸ்கேன் செய்துதான் படத்துக்கு அந்தத் தோலைக் கொண்டுவந்தார். அந்தக் கறுப்புக்குள் மெல்லிய சாம்பல் நிறங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அறையில் விளக்கு எரிந்தால் முதலில் சாவது அவைதான். பிக்சர் மோடை 'ஃபிலிம்மேக்கர்' அல்லது 'சினிமா' என்று மாற்று. அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' என்று ஒன்று இருக்கும் (கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்), அதை அணைத்துவிடு. அறையிருட்டில் உட்கார். துப்பாக்கி வெடிக்கும் வெளிச்சத்தில் மட்டுமே தெரிகிற அந்த நடைபாதைச் சண்டையை அப்போது மறுபடி பார்த்துவிட்டு எழுது.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதில் உன்னை விடுவதாக இல்லை.

அது நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் 'சம்திங் இன் த வே'. 1991 செப்டம்பரில் வந்த 'நெவர்மைண்ட்' ஆல்பத்தின் உறையில் கடைசியாகப் பெயர் போட்டிருக்கும் பாட்டு. இயக்குநர் மாட் ரீவ்ஸ் திரைக்கதையின் முதல் பகுதியை எழுதும்போது இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பேட்மேனின் நிஜ முகமான, பணக்கார உல்லாசி புரூஸ் வெய்னை வெளியே தள்ளிவிட்டு, வீட்டைவிட்டு வராத, முகம் வெளிறிய ஒருவனை அவர் உள்ளே கொண்டுவந்ததற்கு நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேனின் சாயல்தான் வழி. ஆக, இது பின்னால் ஒட்டவைத்த பாட்டு இல்லை. அந்தப் பாத்திரத்தின் முதுகெலும்பே அதுதான்.

அந்த முனகல் எப்படிப் பதிவானது என்று தெரிந்தால் உன் வாய் அடைத்துவிடும். லாஸ் ஏஞ்சலீஸில் வான் நைஸ் பகுதியில் சவுண்ட் சிட்டி ஸ்டுடியோ. தயாரிப்பாளர் புட்ச் விக். முதலில் குழுவின் மூன்று பேரும் சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள், பாட்டு நிற்கவே இல்லை. டிரம்ஸும் பேஸும் வந்தவுடனேயே அது செத்துவிடுகிறது. கோபேன் கண்ட்ரோல் ரூமுக்கு வந்து, அங்கிருந்த சோஃபாவில் படுத்து, பழைய அகூஸ்டிக் கிட்டார் ஒன்றை மார்மேல் வைத்துக்கொண்டு, 'இப்படி இருக்கணும்' என்று காதில் விழுந்தும் விழாத குரலில் பாடிக் காட்டினார். அந்தக் கிட்டாரில் ஐந்தே கம்பி, அதுவும் சரியான சுதியில் இல்லை. விக் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஏசியை நிறுத்தினார், போன் வயரைப் பிடுங்கினார், மைக்கை அங்கேயே கொண்டுவந்து வைத்துப் பதிவு செய்தார்.

சிக்கல் அதற்கப்புறம்தான். வழக்கமாக முதலில் டிரம்ஸ், அதன்மேல் பேஸ், அதன்மேல் கிட்டார், கடைசியில் குரல் என்று கட்டுவார்கள். இங்கே குரலும் கிட்டாரும் முதலிலேயே முடிந்துவிட்டன. தாளம் காட்டும் கிளிக் டிராக் கிடையாது, அதனால் வேகம் கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் ஓடும். கிட்டாரின் சுதியோ எந்த டியூனரோடும் ஒத்துப்போகாது. க்ரிஸ்ட் நோவோசெலிக் தன் பேஸை அந்தத் தப்பான சுதிக்கு இறக்கிக் காதாலேயே சேர்க்க வேண்டியிருந்தது. செல்லோ வாசித்த கிர்க் கேனிங்குக்கும் அதே பாடு. டிரம்ஸ் வாசிக்கும் டேவ் குரோலின் அடி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். அவரை, 'இன்னும் மெதுவா, இன்னும் மெதுவா' என்று சொல்லிச் சொல்லித்தான் வாசிக்கவைத்தார்கள். அந்த ஆல்பத்திலேயே மிகக் கனமான பாட்டு இதுதான் என்பது என் எண்ணம், பாஸ்கர். சத்தம் வேறு, கனம் வேறு. இதை நீ ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

படத்திலும் அதே கணக்குதான். பேட்மேனின் கார், பேட்மொபைல், முதல்முறை கிளம்பும் இடத்தைக் கவனி. இருட்டுக்குள்ளிருந்து எஞ்சின் முனகி முனகி எழும்பும்போது பெங்குவின் என்ற ரவுடியின் முகத்தைப் பார். மைக்கேல் ஜியாக்கினோவின் பேட்மேன் இசை அடிப்படையில் நான்கே ஸ்வரம், அதைத் திரும்பத் திரும்ப நடக்கவிடுகிறார், அவ்வளவுதான். வில்லன் ரிட்லருக்கு அவர் எடுத்துக்கொண்டது ஷூபர்ட்டின் 'ஆவே மரியா'. கோவிலில் கேட்டால் மனம் இளகும் மெட்டு. இங்கே அதுவே வயிற்றைக் கலக்குகிறது.

எனக்கும் குறை இருக்கிறது. ஆர்காம் காப்பகத்தில் ரிட்லரோடு பேசும் அந்த இன்னொரு கைதியின் காட்சி அடுத்த படத்துக்கான விளம்பரம் மாதிரி இருக்கிறது, வெட்டியிருக்கலாம். செலினாவிடம் விடைபெறுவதும் நீளம். ஆனால் கடைசிச் சண்டையில் முகமூடி கழற்றப்பட்ட ரிட்லரின் சீடன் ஒருவன், 'நான்தான் பழிவாங்கல்' என்று பேட்மேனின் சொந்த வசனத்தையே அவன் எதிரிலேயே திருப்பிச் சொல்கிறானே, அந்த இடத்துக்காக எல்லாவற்றையும் மன்னிப்பேன். தான் ஊட்டிய கோபத்தை யார் யாரெல்லாம் குடித்திருக்கிறார்கள் என்று ஒரு ஹீரோவுக்குத் தெரியவருகிற சூப்பர் ஹீரோ படம் இன்னொன்று எனக்கு நினைவில் வரவில்லை.

கடல் தடுப்புச் சுவர் உடைந்து ஊருக்குள் தண்ணீர் வருமே, அங்கே எனக்கு உள்ளுக்குள் லெட் செப்பெலின் குழுவின் பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. 'வென் த லெவி பிரேக்ஸ்', 1971. மூலப்பாட்டு 1929இல் மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் பதிவு செய்தது, 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றியது. நிலாவுக்கு ஒரே ஒரு டிரம்ஸ் சத்தத்தைக் கேட்கவைப்பதானால் இதைப் போடு. ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீடு. கீழே கூடத்தில் செப்பெலினின் டிரம்மர் ஜான் பான்ஹமின் டிரம் செட். இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் டிரம் பக்கத்தில் மைக்கே வைக்கவில்லை. மாடிப்படியின் மேலிருந்து பேயர் எம்160 மைக் இரண்டைக் கீழ்நோக்கி வைத்தார். பாஸ் டிரம்முக்கென்று தனி மைக் இல்லை. மைக்கில் விழுந்ததில் பாதி அந்தக் கூடத்தின் எதிரொலி. அதைக் கம்ப்ரெஸ்ஸரில் நன்றாக நசுக்கி, பின்சன் எக்கோரெக் என்ற எதிரொலிக் கருவியில் கொஞ்சம் எதிரொலி சேர்த்தார். டேப்பின் வேகத்தையும் குறைத்தார்கள், அதனால்தான் அடி சேற்றில் விழுவதுபோல் இருக்கிறது. பான்ஹம் பலசாலி, சரி. ஆனாலும் தூரம்தான் அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கியது. மைக்கைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தால் வெறும் 'டப்' என்றுதான் கேட்டிருக்கும்.

நீ கேட்ட 'ராக்கை மாற்றிய பத்து ஆல்பம்' பட்டியலை நான் தரப்போவதில்லை. பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' உன்னிடமே இருக்கிறது, நீயே அவளுக்குச் சொல்வாய். 1967இல் வந்த வெல்வெட் அண்டர்கிரவுண்டின் வாழைப்பழ ஆல்பத்தை இன்னும் இரண்டு வருடம் கழித்துக் கொடு. இப்போதைக்கு அவளுக்குத் தேவை பிளாக் சபாத், ஏனென்றால் விரல் நுனி எரிகிறது என்று அழுகிறாள் என்றாயே.

அந்தக் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வயது 17, வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளன்று இயந்திரம் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டது. அவர் இடக்கைக்காரர், கம்பியை அழுத்துவது அந்த வலக்கைதான். பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். பிளாஸ்டிக் நுனிக்குக் கம்பி எங்கே இருக்கிறது என்றே தெரியாது, அதனால் மெல்லிய கம்பி தேடி பாஞ்சோ கம்பிகளை மாட்டினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குச் சுதியையே மூன்று செமிடோன் (ஒரு செமிடோன் என்பது அரை சுரம்) இறக்கினார். கம்பி தளர்ந்தது, விரலுக்கு இதம், கேட்பவர்களுக்குக் கடப்பாறை. ஹெவி மெட்டலின் அந்தக் கனம் பாதி அங்கிருந்து வந்தது.

நிலாவுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். கிட்டாரில் இப்போது .012 செட் இருக்கும் (மிக மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தில்), கழற்றிவிட்டு .010 போடு. ஆறு கம்பியையும் அரை சுரம் இறக்கி, கழுத்தின் முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டினால் டீச்சர் சொல்லும் சுதியே வரும், அழுத்தமும் குறையும். அயோமி மாதிரி மூன்று செமிடோன் இறக்கிவிடாதே. மெல்லிய கம்பி அவ்வளவு தளர்ந்தால் அகலமாக ஆடி ஃபிரெட்டில் மோதும், 'ங்ஙீ' என்று இரையும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுதி மேலே ஏறிவிடும். இழுவிசை குறைவதால் கழுத்து பின்பக்கம் நிமிர்வதும் உண்டு. முதல் சில ஃபிரெட்டில் மட்டும் இரைச்சல் வந்தால் அதுதான் காரணம். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற கம்பியை நீயே திருகாமல் கடையில் கொடு.

இனிமேல் எழுதுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

கடிதத்தின் ஓரத்தில், 'ராத்திரி படுத்தா காதுல கொய்ங்னு ஒரு சத்தம்' என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அந்த வரிதான். பஸ் இரைச்சலை அமுக்க நீ ஹெட்போனில் ஒலியைக் கூட்டுகிறாய், எனக்குத் தெரியும். 85 டெசிபல் என்றால் ஒருநாளைக்கு 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்பது கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம். 100இல் 15 நிமிடம். உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. பஸ்ஸில் கேட்டே ஆகவேண்டுமென்றால் காதை அடைக்கும் வகை இயர்போன் வாங்கு, வெளி இரைச்சல் குறைந்தால் ஒலியைத் தானாகவே குறைப்பாய்.

'நெவர்மைண்ட்' சிடி உன்னிடம் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. முதல் பாட்டுக்கு வைத்த ஒலியில் கடைசிப் பாட்டு கேட்காது, கூட்டுவாய். அது முடிந்து சுமார் 10 நிமிடம் மௌனம், பிறகு உறையில் பெயரில்லாத 'எண்ட்லெஸ், நேம்லெஸ்' இடிபோல் இறங்கும். முதலில் அச்சான பிரதிகளில் அது விடுபட்டுப்போனது, பின்னால் வந்தவற்றில் உண்டு. ஹெட்போனோடு தூங்கிவிடாதே. 2011இல் ரீமாஸ்டர் செய்ததை விட 1991 சிடியே நல்லது. புதியதில் எல்லாவற்றையும் உரக்கத் தூக்கிவைத்துவிட்டார்கள், முனகலுக்கும் கத்தலுக்கும் நடுவே இருந்த தூரம் சுருங்கிவிட்டது.

இந்த வாரமே ஈஎன்டி டாக்டரிடம் போ. வெறும் குறும்பியாகக்கூட இருக்கலாம், முதலில் அதைப் பார்க்கச் சொல். பிறகு ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) எடுக்கச் சொல். தாளில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கி, 8000இல் மறுபடி ஏறியிருந்தால் அது பெரும்பாலும் சத்தத்தால் வந்த சேதம். ஒரு பக்கக் காது திடீரென்று மந்தமானால் வாரம் என்ன, அன்றைக்கே ஓடு. அதில் தாமதம் கூடாது. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பு. தேவியிடமும் இதைச் சொல்லிவிட்டேன், அதனால் மறைக்கப் பார்க்காதே.

கம்பி செட்டை நான் வாங்கி அனுப்புகிறேன். கிட்டார் எந்த மாடல் என்று மட்டும் நிலாவை எழுதச் சொல்.

அன்புடன்,
முரளி