இறையியல் வகுப்பு ஹட்டனுக்கும் வரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இறையியல் கல்லூரிகள் பற்றி உங்கள் பத்திரிகையில் கடந்த வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். வங்காளத்தில் இருக்கும் செராம்பூர் கல்லூரியைப் பற்றி எழுதியவர் அங்கே கிடைக்கும் பட்டங்களோடு நிறுத்திக்கொண்டார். எங்களைப் போல தோட்டத்துச் சபைகளில் இருப்பவர்களுக்கு அந்தக் கல்லூரியின் கதையில் எடுத்துக்கொள்ள வேறு விஷயம் இருக்கிறது.

அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வில்லியம் கேரி செருப்புத் தைத்துப் பிழைத்தவர். 1792இல் இங்கிலாந்தின் கெட்டரிங்கில் பாப்டிஸ்ட் மிஷனரி சங்கம் உருவாக முன்நின்றார், அடுத்த வருடமே வங்காளம் போனார். கிழக்கிந்தியக் கம்பனி மிஷனரிகளை அண்டவிடாத காலம் அது. அதனால் டென்மார்க்காரர் கையில் இருந்த செராம்பூரில்தான் சக மிஷனரிகளான மார்ஷ்மன், வார்ட் ஆகியோரோடு அவரால் காலூன்ற முடிந்தது. 1818இல் மூவரும் தொடங்கிய கல்லூரி சாதி, மதம் பார்க்காமல் மாணவரைச் சேர்த்தது. ஊர்ப் பாஷையான வங்காளத்திலும் பாடம் நடந்தது. 1827இல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகக் கொடுத்தார். ஆனால் பி.டி. என்ற இறையியல் பட்டங்கள் முதன்முதலில் வழங்கப்பட்டது 1915இல்தான். பட்டத்துக்காக அவர்கள் பாடத்தை நிறுத்தி வைக்கவில்லை.

இலங்கைக்கு ஜேம்ஸ் சேட்டர் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி 1812இல் வந்தார். மூன்றே வருடத்தில் சிங்கள இலக்கண நூல் ஒன்றை வெளியிட்டார். அப்புறம் 1963இல் மெதடிஸ்ட், அங்கிலிக்கன், பாப்டிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரியைத் தொடங்கின. சிங்களத்திலும் தமிழிலும் போதகர்களை உருவாக்குவதே நோக்கம். செராம்பூர் கல்லூரியின் இறையியல் பட்டங்களை வழங்கும் அமைப்பான செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரி அது. கண்டிக்குப் பக்கத்திலேயே, எங்கள் பாஷையிலேயே இப்படி ஒரு கல்லூரி இருப்பது மலையகத்துக்குப் பெரிய கொடை.

ஆனால் நாலைந்து வருடம் விடுதியில் தங்கிப் படிக்க யாரால் முடியும்? தோட்டங்களில் சபையை நடத்துபவர்களில் பலர் சம்பளம் வாங்கும் குருவானவர்கள் அல்ல. எங்கள் டிவிஷனில் ஞாயிறு ஆராதனை நடத்துபவர் தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறார். இரவு வேலை முடிந்து வந்து, லயத்துக் காம்பராவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு, பள்ளிக்கூடக் கொப்பியில் பிரசங்கத்தை எழுதுவார். உயர்தரம் எழுதாதவர். எழுதியிருந்தாலும் வேலையை விட்டுவிட்டுப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

அவருக்கு வரும் கேள்விகளோ லேசானவை அல்ல. போன வருடம் ஒரு சாவு வீடு. செத்தவர் கிறிஸ்தவர், அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாம் சைவம். வாசலில் தப்பு அடிக்கிறார்கள், உள்ளே ஜெபம் நடக்கிறது. “பதினாறாம் நாள் கருமாதியில் நாங்கள் உட்காரலாமா ஐயா?” என்று மகன் கேட்டபோது, அத்தனை பேருக்கும் முன்னால் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. “போய் உட்கார், உன் அப்பாவுடைய சொந்தம் அது. சாமி கும்பிடும் நேரத்தில் மட்டும் ஒதுங்கி நில்” என்றார். அந்தப் பதிலை ஏற்காதவர்களும் எங்கள் சபையில் உண்டு. நான் அவர் பக்கம். ஆனாலும் இப்படிப்பட்ட இடங்களில் ஒரு மனிதரைத் தனியே விட்டுவிடக்கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

இறையியல் படிப்பு என்றால் எபிரேயமும் கிரேக்கமும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, சபை வரலாறு, ஒழுக்கவியல், பிரசங்கக் கலை, மனம் நொந்தவர்களுக்கு ஆலோசனை சொல்லித் தேற்றும் ஆற்றுப்படுத்தல், பிற சமயங்கள் எல்லாம் அதில் அடங்கும். அந்த மகன் கேட்ட கேள்வியைக் கையாளப் பழக்குவது கடைசி இரண்டும்தான். குடியால் உடைந்த வீடு, கடன், கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் என்று தினமும் கதவைத் தட்டுகிறவர்களுக்கு ஆற்றுப்படுத்தல் தெரிந்த ஒருவர் வேண்டும்.

ஆகவே சபைத் தலைவர்களிடமும் கல்லூரிகளை நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஹட்டனில் ஒரு ஆலய மண்டபத்தை எடுத்து, மாதம் இரண்டு சனிக்கிழமை, தமிழில் ஒரு சான்றிதழ் வகுப்பு நடத்துங்கள். சாதாரண தரம் வரை படித்தவரையும் சேருங்கள். பெண்களையும் சேருங்கள், ஞாயிறு பாடசாலையைத் தாங்குவது அவர்கள்தான். செராம்பூர் செனட்டே வெளிவாரியாகப் படிக்க வழி வைத்திருக்கும்போது இதில் புதுமை ஒன்றும் இல்லை. விரிவுரையாளரின் பஸ் செலவையும் மதியச் சாப்பாட்டையும் எங்கள் பக்கத்துச் சபைகளே பார்த்துக்கொள்ளலாம். எங்கள் மூப்பர் கூட்டத்தில் இதைப் பேசிவிட்டோம், எல்லோருக்கும் சரி.

இப்படிக்கு,
சபை மூப்பர் ஒருவர்,
பொகவந்தலாவை.