கோட்டையில் கதைநேரம்: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கோட்டை வளாகத்தில் சிறுவர்களுக்காக நடத்திய கதைநேரமும் கைவினை வகுப்பும் இந்தப் பருவத்துக்கு நல்லபடியாக முடிந்தன. இதற்காக யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பது பிள்ளைகளை அழைத்து வந்த பெற்றோருக்குக்கூட முழுதாகத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பராமரிப்பு அலுவலருக்கு. பழைய கட்டடத்துக்குள் பசை, சாயம், தண்ணீர், கூடவே இத்தனை குழந்தைகள் என்றால் எந்தப் பொறுப்பாளரும் தயங்கத்தான் செய்வார். அவரோ, எப்படிச் செய்தால் முடியும் என்று எங்களோடு உட்கார்ந்து பேசினார். சாயம் வேண்டாம், களிமண் இருக்கட்டும். அதுவும் சுவரை விட்டுத் தள்ளி, வெளித் தாழ்வாரத்தில், கீழே தார்ப்பாய் விரித்து. ஜிகினாத்தூள் மட்டும் கூடவே கூடாது, கல் இடுக்கில் புகுந்துவிட்டால் எடுக்க முடியாது என்றார்.

சுவரைத் தொடாதே என்று அதட்டாமல், ஏன் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்கே விளக்கியவரும் அவர்தான். கையின் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் கல்லில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, நாளடைவில் கல் கறுத்துப்போகும். பிரான்சின் லாஸ்கோ குகையின் கதையையும் சொன்னார்: அங்கிருக்கும் ஆதிகால மனிதர்களின் ஓவியங்களை 1940-இல் கண்டுபிடித்தவர்கள் பதின்வயதுப் பையன்கள். 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்த அந்தக் குகையை, கூட்டம் கூட்டமாக வந்தவர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுப்பதைப் பார்த்து 1963-இல் மூடிவிட்டார்கள். இதைக் கேட்ட பிறகு, சுவர்ப்பக்கம் போகும்போதெல்லாம் பிள்ளைகள் தாங்களாகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

அப்புறம், காவலர் அண்ணன். தொட முடியாத சுவரை அவர் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். டார்ச்சை நேராக அடிக்காமல், சுவரை ஒட்டினாற்போல் சாய்வாகப் பிடித்தார். வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் உளி கொத்திய தடங்கள் வரிவரியாக எழும்பி வந்தன. ஒரு கல்லில் வரிகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன, பக்கத்துக் கல்லில் இடப்பக்கம். “இது வேற ஆள் கொத்தினது!” என்று ஒரு சிறுமி கத்தினாள். தேய்ந்த கல்வெட்டுகளைப் படிக்க ஆய்வாளர்களும் இப்படித்தான் ஒளியைச் சாய்த்துப் பிடிக்கிறார்கள். காவலர் அண்ணனுக்கு அது அன்றாட ரோந்தில் கண்ணுக்குப் பழகிய விஷயம். இந்தக் கோட்டையை அவரைப்போல் அறிந்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

கதை சொன்ன அக்காமார்களுக்கும் தாத்தாவுக்கும் எங்கள் அன்பு. ராஜா, போர் என்று மட்டும் இல்லாமல், பழங்காலத்துக் குழந்தைகளின் கதையும் வேண்டும் என்று கேட்டிருந்தோம். தாத்தா ஓன்ஃபிமைக் கொண்டுவந்தார். 13-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் நோவ்கரோட் நகரில் வாழ்ந்த சிறுவன். ஆறேழு வயது இருக்கும் என்கிறார்கள். பிர்ச் மரப்பட்டையில் எழுத்தாணியால் கீறி எழுத்துப் பழகியவன், நடுவே படமும் வரைந்திருக்கிறான். ஒன்றில் குதிரைமேல் இருக்கும் வீரன் எதிரியை ஈட்டியால் குத்துகிறான். பக்கத்தில் தன் பெயரையே எழுதி வைத்திருக்கிறான். இன்னொன்றில் ஒரு மிருகத்தை வரைந்து “நான் காட்டு மிருகம்” என்று எழுதியிருக்கிறான். காற்றுப் புகாத ஈரமண்ணில் கிடந்ததால் அந்தப் பட்டைகள் மக்கவில்லை. 1950-களில் அகழாய்வில் கிடைத்தன. கதை முடிந்ததும் பிள்ளைகள் களிமண் பலகையில் குச்சியால் கீறத் தொடங்கினார்கள். எத்தனை குதிரை வீரர்கள், எத்தனை காட்டு மிருகங்கள்!

அந்தக் களிமண்ணை முதல்நாளே பிசைந்து ஈரத்துணியில் சுற்றிவைத்த தன்னார்வலர்களைச் சொல்லாமல் விட முடியாது. தண்ணீர் கூடினால் கையில் ஒட்டும், குறைந்தால் வெடிக்கும்; ஒருமுறைகூடப் பதம் தவறவில்லை. தார்ப்பாய், காகிதம், முனை மழுங்கிய கத்தரிக்கோல் தந்தவர்களுக்கும், உடன் இருந்து சின்னவர்களைப் பார்த்துக்கொண்ட பெற்றோருக்கும் நன்றி.

துப்புரவுப் பணியாளர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். சிந்திய களிமண்ணை ஈரத்தோடு துடைத்தால் தரையெல்லாம் இழுவிவிடும் என்று, காயும்வரை காத்திருந்து மென்மையான துடைப்பத்தால் பெருக்கியெடுத்தார்கள். அதற்காக வீட்டுக்குப் போகும் நேரம் தள்ளிப்போனதையும் பொறுத்துக்கொண்டார்கள். அடுத்த பருவத்தில் வகுப்பைச் சற்று முன்னதாகவே முடித்து, பெருக்கும் வேலையில் நாங்களும் சேர்ந்துகொள்வோம்.

கடைசியாக ஒன்று. பிள்ளைகள் செய்த பலகைகள் சில இன்னும் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. பின்பக்கம் பெயர் கீறியிருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சுடாத மண் என்பதால் தண்ணீர் படாமல் வைத்திருங்கள்.

நன்றியுடன்,
கதைநேரக் குழுவினர் சார்பில்
ஒருங்கிணைப்பாளர்